இரண்டு உள்ளங்கைகள்

"எல்லா அணுவுக்குள்ளயும் மின்சாரம் இருக்குன்னு சொல்றீங்களே டீச்சர், அப்புறம் எப்படி ஒரு டம்ளரை நம்பித் தொடறது?"

கேட்டவர் பொன்னுரங்கம். முப்பத்து மூன்று வருஷம் மின்கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஊர் நூலகத்தில் பெரியவர்களுக்கு ஓர் அறிவியல் வகுப்பு நடக்கும். அதில் கடைசி பெஞ்ச் அவருடையது. இரண்டு கையிலும் எப்போதும் ரப்பர் உறை.

வகுப்பெடுக்கும் இளவரசி டீச்சருக்கு அவரைவிட முப்பது வயது குறைவு. அந்த உறைகளைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அன்று கேட்டார்.

"சவேரியார்னு ஒருத்தன், என்கூட வேலை பார்த்தவன். கரண்ட் அடிச்சு கம்பத்து மேலயே போயிட்டான். நான் கீழ நின்னேன். லைனை நிறுத்தறவரைக்கும் தொடக் கூடாது. தொடல. அதுலேர்ந்து எதையும் வெறுங்கையால தொட முடியல. எம் பொண்ணு கையைக்கூட."



டீச்சர் கரும்பலகைப் பக்கம் போகவில்லை. நேரே அவரிடம் வந்து கையை நீட்டினார்.

"ரெண்டையும் கழட்டுங்க ஐயா."

விரல் விரலாகக் கழற்றினார். வேர்வையில் ஊறி வெளுத்துப்போன கைகள். அதில் ஒன்றை டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"என்ன தெரியுது?"

"ஒன்னும் தெரியல. கொஞ்சம் சூடு. அவ்வளவுதான்."

"நம்ம ரெண்டு பேர் கையிலயும் இருக்கிற பிளஸ் மின்சாரத்தை விட மைனஸ் பத்து லட்சத்துல ஒரு பங்கு கூடியிருந்தா, ஒரு மலையைத் தூக்கற பலத்தோட ஒன்னை ஒன்னு தள்ளிவிட்டிருக்கும்."

பொன்னுரங்கம் கையை இழுத்துக்கொள்ளப் போனார். இழுக்கவில்லை.

"அவ்வளவும் இதுக்குள்ளயா?"

"அவ்வளவும். அணுவுக்கு நடுவுல எத்தனை பிளஸ்ஸோ, சுத்தி அத்தனை மைனஸ். அதனாலதான் ஒன்னும் தெரியல."

"ஒரு மைனஸ் குறைஞ்சுபோனா?"

"குறைஞ்ச அணு சும்மா இருக்காது. பக்கத்துல போற மைனஸை இழுத்துக்கும்."

"போதும்னு அதுக்கு எப்படித் தெரியும்? யாரு எண்ணறது?"

"யாரும் எண்ணறதில்லை ஐயா. குறைதான் இழுக்குது. குறை தீர்ந்துட்டா இழுப்பும் நின்னுடும்."

பொன்னுரங்கம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ புதிதாகக் கொடுத்ததைப் பார்ப்பதுபோல.

"முப்பத்து மூணு வருஷம் நான் பார்த்தது வேற மின்சாரம் டீச்சர்."

"அதேதான். கம்பியில நீங்க பார்த்தது பிரிச்சு வச்சதை. சேர்ந்து கிடக்கறதை இப்பத்தான் பார்க்கறீங்க."

அவர் இன்னொரு கையையும் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பிளஸ்ஸும் ஒரு மைனஸும் அளவுல மயிரிழை பிசகாம ஒன்னா இருந்தாத்தானே இந்தக் கணக்கு சரியா வரும்? அது ஏன் அப்படி இருக்கு?"

 

"எத்தனையோ பேர் அளந்து பார்த்துட்டாங்க. பிசகே இல்லை. ஆனா ஏன்னு இன்னும் யாருக்கும் தெரியாது ஐயா."

பொன்னுரங்கம் எழுந்து நின்றார். இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கும்பிட்டார்.

டீச்சர் பதறிப்போனார். "ஐயோ, வயசுல பெரியவங்க, என்னைப் போயி..."

"உங்களை இல்ல டீச்சர், அந்தப் பிசகாத கணக்கை" என்றார் பொன்னுரங்கம்.