வீரபாகுவுக்கு ஒரு சிகரம்

செங்கழனி மன்னர் கோதண்டராயருக்குச் சங்கீதம் என்றால் உயிர். அதற்காகவே இசை மன்றம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தார். நோயில் விழுந்த கலைஞர்களுக்கு வைத்தியம், தள்ளாதவர்களுக்குச் சாப்பாடு, வருஷத்துக்கு ஒருவருக்குக் 'கான கேசரி' விருது. மன்றத்தின் தலைவர் அவைப்புலவர் அம்பலவாணர். வாய்ச் சாமர்த்தியத்தில் மகா கெட்டிக்காரர்.

அந்த வருஷம் நடுவர்கள் ஒருமனதாக நாகசுரக்காரர் அரியமுத்துவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விழாவுக்கு முதல் நாள் மன்னர் அம்பலவாணரைத் தனியே அழைத்தார்.

"ஓய், விருதை என் மைத்துனன் வீரபாகுவுக்குக் கொடுத்துவிடும்."

அம்பலவாணருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீரபாகு பாட ஆரம்பித்தால் லாயத்துக் குதிரைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும்.

"மன்னா, ஊர் சிரிக்குமே!"

"கொடுக்காவிட்டால் அரசி என்னோடு பேசமாட்டாள். ஊரும் சிரிக்கக் கூடாது, அரசியும் முறைக்கக் கூடாது. உம்மால் முடியாதென்றால் சொல்லும். மன்றத்துக்கே வீரபாகுவைத் தலைவனாக்கிவிடுகிறேன்."

அம்பலவாணர் யோசித்துப் பார்த்தார். மன்றத்துச் சோற்றை நம்பியிருக்கும் கிழவர்கள் கதி என்னாவது? அவன் பாட்டைக் கேட்டுக்கொண்டே அல்லவா சாப்பிட வேண்டும்!

நேரே வீரபாகுவின் மாளிகைக்குப் போனார்.

"பிரபு, கான கேசரி உங்களுக்கு வேண்டாம்."

"ஏனாம்?"

"அது போட்டியில் ஜெயிப்பவர்களுக்கு. உங்களோடு போட்டிபோட இங்கே யார் இருக்கிறார்கள்? உங்களுக்கென்றே 'சங்கீத சிகரம்' என்று வாழ்நாள் கௌரவம் தரப்போகிறோம். தனி ஆசனம், வெண்குடை எல்லாம் உண்டு."

வீரபாகு மீசையை முறுக்கினான். "பேஷ்! நாளைக்கு விடிய விடியப் பாடுகிறேன்."

"ஐயையோ! பாடுவதெல்லாம் இன்னும் ஏறிக்கொண்டிருப்பவர்கள் வேலை. சிகரம் வாயைத் திறக்கலாமா? உட்கார்ந்து தலையை ஆட்டினால் போதும். பாடினால் கீழே இறங்கிவிட்டதாக அர்த்தம்."

"அதுவும் சரிதான்" என்றான் வீரபாகு.

மறுநாள் அரியமுத்து விருது வாங்கினார். சபை மகிழ்ந்து ஆரவாரித்தது. பிறகு அம்பலவாணர் எழுந்து, "சங்கீத சிகரம் வீரபாகு அவர்கள் இனிமேல் மேடையில் பாடமாட்டார்!" என்று அறிவித்தார். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல்!

"பார்த்தீர்களா, என் தம்பிக்குத்தான் எவ்வளவு கைதட்டல்!" என்று அரசி பூரித்துப்போனாள்.

மன்னர் மெதுவாக அம்பலவாணர் பக்கம் சாய்ந்தார். "எல்லாம் சரி ஓய். வாழ்நாள் கௌரவம் வாங்க அவன் என்ன சாதித்துவிட்டான்?"

"இனிமேல்தானே மன்னா சாதிக்கப்போகிறார்? சாகும்வரை பாடாமல் இருப்பார். நம் கலைஞர்களுக்கு இதைவிடப் பெரிய ஆதரவை யாரால் தர முடியும்?"

அரசி காதில் விழாமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிய மன்னர், தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணர் மடியில் போட்டார்.