கணப்புக்கு விட்ட மூச்சு

"ஹூஊஊ... உஸ்ஸ்ஸ்... ஹூஊஊ..."

ஒரு ஊர்ல, இருட்டின பிறகு, ஒரு வீட்டுக்குள்ள இப்படித்தான் ஒரு சத்தம் வந்துச்சாம். போர்வையை இழுத்துக்கோ மிலி. கையை உள்ள வை. சொல்றேன்.

அந்த ஊர் மலை மேல, கோத்தகிரி தாண்டி. தேயிலைத் தோட்டம் முடிஞ்சு காடு ஆரம்பிக்கற இடத்துல கடைசி வீடு. அதுல ஒரு அம்மா, ஒரு அப்பா, மூணு வயசுல ஒரு குட்டிப் பொண்ணு. அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரில நைட் ஷிஃப்ட். அம்மா கீழ ஊர்ல கான்வென்ட்ல படிச்சவ. இங்கிலீஷ் நல்லாத் தெரியும். குளிர் தெரியாது, காடு தெரியாது. பயப்பட மட்டும் ரொம்ப நல்லாத் தெரியும்.

"அந்த அம்மா பேரு என்ன?"

பேரு கேக்காதே. அவளுக்கு வெக்கமா இருக்கும்.

"ம்."

குளிர் வந்தா அந்தக் குட்டிப் பொண்ணுக்கு நெஞ்சு கர்ர் கர்ர்னு இழுக்கும். டாக்டர் சொன்னார், ராத்திரில ரூமைச் சூடா வெச்சுக்கணும்னு. அப்போ அப்பா, வெல்டிங் பட்டறை மாசிலாமணி அண்ணனைக் கூட்டிட்டு வந்து, விறகு போட்டு எரிக்கற ஒரு இரும்புக் கணப்பு செய்யச் சொன்னார். மாசிலாமணி அண்ணன் குட்டையா இருப்பார், காதுல பென்சில் சொருகி இருப்பார், பேச்சு கம்மி. சுவத்துலேர்ந்து ஒரு கை தள்ளி, கல் பலகை போட்டு, அது மேல கணப்பை உக்கார வெச்சார். தகரக் கூரையை வெட்டி குழாயை மேல ஏத்தினார். குழாய்க்குத் தலைல ஒரு தொப்பி. அப்புறம் கணப்புக்குப் பின்னால, தரையை ஒட்டி, வெளிச்சுவத்துல டொம் டொம்னு ஒரு ஓட்டை போட்டார். உன் முஷ்டி போற அளவு ஓட்டை.

கையைக் கழுவிட்டுப் போறப்போ சொன்னார், "தங்கச்சி, அடுப்புக்கு மூச்சு விட்டிருக்கேன். பாத்துக்கோங்க."

அம்மாவுக்குப் புரியலை. ஆனா புரியலைன்னு சொல்ல வெக்கம். "ஓ, தெரியுமே"ன்னு தலையை ஆட்டிட்டா. அப்புறம் அப்பாவுக்குப் போன் போட்டு, "கேட்டீங்களா, அடுப்புக்கு மூச்சாம்! இனிமே ஜலதோஷமும் பிடிக்குமா?"ன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்பு இருக்கே மிலி, அது இன்னும் அவ காதை விட்டுப் போகலையாம்.

"ம்."

முதல் நாள் சாயங்காலம் கணப்பைப் பத்த வெச்சா. சடசட, படபட. ரூமெல்லாம் சூடு. குட்டிப் பொண்ணு ஸ்வெட்டரைக் கழட்டிட்டு ஆடினா. அப்போதான் கேட்டுச்சு, ஹூஊஊ... உஸ்ஸ்ஸ். அம்மா டார்ச்சை எடுத்துக்கிட்டுத் தவழ்ந்து போய்ப் பாத்தா, அந்த ஓட்டை! "அட, வேலையை அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டாரே. பாம்பு வந்தா?" உடனே பெட்டியைத் திறந்து, ஸ்கூல்ல போட்ட பழைய நீல ஸ்வெட்டரை எடுத்து, திணி திணின்னு திணிச்சா. அது முன்னால விறகை அடுக்கி மறைச்சா. ஜன்னல் இடுக்குல ஏற்கெனவே பேப்பர் ஒட்டி வெச்சிருந்தா. இப்போ வீடு டப்பா மாதிரி இறுக்கம். சத்தம் நின்னுடுச்சு.

அப்புறம் புகை வந்துச்சு. கணப்பு வாய் வழியா குபுகுபுன்னு. குட்டிப் பொண்ணு லொக்கு லொக்குன்னு இருமினா. அம்மா ஓடிப் போய்க் கதவைத் திறந்தா. புகை போச்சு. மூடினா, புகை திரும்ப வந்துச்சு. வேற வழியில்லாம கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு, கையில விளக்குமாத்தோட விடிய விடிய உக்காந்திருந்தா. ஏன்னா அந்தப் பக்கம் ஒரு கரடி திரியுது. போன மாசம் கோயில் விளக்குல இருந்த எண்ணெயை நக்கிட்டுப் போன கரடி.

"நம்ம கரடியா?"

கரடி எல்லாருக்கும் பொது. கண்ணை மூடு.

விடிஞ்சதும் அம்மா பட்டறைக்கு ஆள் அனுப்பினா. மாசிலாமணி அண்ணன் வந்தார். பகல்ல கதவு திறந்துதானே இருக்கும்? கணப்பு நல்லாவே எரிஞ்சுது. "குழாய் குட்டையோ என்னவோ"ன்னு தூறல்ல கூரை மேல ஏறி, இன்னும் ரெண்டடி நீட்டினார். ராத்திரி கதவை மூடினா, குபுகுபு.

மறுநாளும் வந்தார். "விறகு ஈரமா இருக்கு தங்கச்சி"ன்னு, தன் வீட்லேர்ந்தே காய்ஞ்ச சீகை மர விறகு ஒரு கட்டு சுமந்துட்டு வந்தார். போறப்போ கேட்டார், "மூச்சு நல்லா இருக்குல்ல?"

அம்மா சீறினா. "யாருக்கு மூச்சு? என் பிள்ளைக்கு மூச்சு முட்டுது!"

அவர் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டார். அன்னிக்கு ராத்திரியும் குபுகுபு.

அதுக்கு அடுத்த நாள் அம்மா அவரைக் கூப்பிடலை. தானே பட்டறைக்குப் போனா. அங்க நாலு பேர் நின்னாங்க. பேக்கரி லில்லி அக்கா, தனக்கும் ஒரு கணப்பு செய்யச் சொல்லி அளவு குடுத்துக்கிட்டு இருந்தாங்க. அம்மா வாசல்ல நின்னு கத்தினா. கோவம் வந்தா அவளுக்கு இங்கிலீஷ்தான் வரும். "யூ ஆர் எ சீட்! நீங்க ஏமாத்துக்காரர்! இவர்கிட்ட யாரும் எதுவும் செஞ்சுக்காதீங்க!"

பட்டறையில சம்மட்டி நின்னுடுச்சு. லில்லி அக்கா அளவுச் சீட்டை மெதுவா மடிச்சுப் பையில போட்டுக்கிட்டாங்க. மாசிலாமணி அண்ணன் காதுலேர்ந்து பென்சிலை எடுத்து, மேஜை மேல வெச்சார். அவ்வளவுதான்.

"ம்... அப்புறம்?"

அன்னிக்குச் சாயங்காலம் மூடுபனி. அம்மா கதவை ஒரு சாண் திறந்து வெச்சு, கணப்பை மூட்டினா. இருட்டிச்சு. அப்போ வாசப்படில, புஸ்... புஸ்... புஸ்... கறுப்பா, பெரிசா!

அம்மா கதவை அறைஞ்சு சாத்தினா. தாழ்ப்பாளைத் தள்ளினா. நகரலை! மூணு ராத்திரி பனி குடிச்சு கதவு ஊதிப் போயிருந்துச்சு. தாழ்ப்பாள் துளையில சேரலை. அரிசி டிரம்மை கர்ர்ர்னு இழுத்துக் கதவுக்கு முட்டு குடுத்தா. வெளிய பிராண்டுது, சர்ரக் சர்ரக். உள்ள புகை குபுகுபு. குட்டிப் பொண்ணு இருமி இருமி முகம் கன்னிப் போச்சு. "நனைச்ச துணி, மூக்கை மூட நனைச்ச துணி"ன்னு அம்மா தேடினா. துணி எங்க? விறகைத் தள்ளி, கைக்குக் கிடைச்ச அந்த நீல ஸ்வெட்டரை ஓட்டைக்குள்ளேர்ந்து உருவினா.

ஹூஊஊஊ!

காத்து உள்ள பாய்ஞ்சுது. தீ நிமிர்ந்துச்சு. வெளிய வந்துக்கிட்டிருந்த புகை, வால் பிடிச்சு இழுத்த மாதிரி கணப்புக்குள்ளயே திரும்பிப் போய், குழாய்ல ஏறிடுச்சு. வாசல்ல கரடி புஸ்ஸுனு ஒரு பெருமூச்சு விட்டுட்டுப் போயிடுச்சு. குட்டிப் பொண்ணு அம்மா மடியிலேர்ந்து சொன்னா, "அம்மா, அடுப்பு மூச்சு விடுது."

அந்த அம்மா ஸ்வெட்டர்ல முகத்தைப் புதைச்சுக்கிட்டா. பயத்துல இல்லை.

"எதனால?"

அவர் சரியாத்தான் சொல்லியிருந்தார். இவளும் தமிழ்தான், அவரும் தமிழ்தான். மூச்சுன்னா என்னன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

மறுநாள் பட்டறைக்குப் போனா. அவர் காதுகிட்ட போய், யாருக்கும் கேக்காம, "சாரி அண்ணே"ன்னா. அவர் "பரவால்லம்மா"ன்னார். தங்கச்சின்னு சொல்லலை. அம்மா திரும்பி நடந்தா. எதிர்ல பேக்கரி. உள்ள லில்லி அக்கா வேற ஒருத்தர்கிட்ட அளவுச் சீட்டை நீட்டிக்கிட்டிருந்தாங்க.

அம்மா அங்கேயே நின்னுட்டா. கத்தினது அத்தனை சத்தமா. மன்னிப்பு மட்டும் இத்தனூண்டா? லில்லி அக்கா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா. நேத்து நின்ன அதே வாசல்ல நின்னு, கரி பிடிச்ச ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாச் சொன்னா. "இதை வெச்சு ஓட்டையை அடைச்சது நான். இவர் வேலை சரி. ஏமாத்துக்காரர்னு நான் சொன்னது தப்பு. மூச்சுன்னா என்னன்னு எனக்குத் தெரியலை."

மாசிலாமணி அண்ணன் ஸ்வெட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். "குளிருக்கு அடுப்புக்கே ஸ்வெட்டர் போட்டு விட்ட ஆளை இப்பத்தான் பாக்கறேன் தங்கச்சி."

லில்லி அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. சீட்டு திரும்ப மேஜைக்கு வந்துச்சு. அம்மாவும் சிரிச்சா. ஆனா கண்ணு அவர் முகத்துக்குப் போகலை. இப்பவும் போறதில்லை.

அன்னிக்குச் சாயங்காலம் அவர் வந்து, பாம்பு வராம ஓட்டைக்கு இரும்பு வலை அடிச்சார். யாரும் சொல்லாமலே கதவோட ஓரத்தை இழைச்சு, தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுட்டுப் போனார். அதுக்கு அவ நன்றி கூடச் சரியாச் சொல்லலை.

"அம்மா... நம்ம விறகுப் பெட்டிக்குள்ள ஒரு நீல ஸ்வெட்டர் இருக்கே..."

ம்.

"அது..."

ம். கண்ணை மூடு. கேக்குதா, ஹூஊஊ? அது நம்ம அடுப்பு. அது பாட்டுக்கு விடட்டும், நீயும் விடு, மெதுவா. தீ எரிஞ்சாச்சு, கதையும் கரியாயாச்சு. தூங்கு. அம்மா எந்திரிச்சுப் போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுட்டு வரேன்.

டக்.