யாத்விகா சொன்ன பாட்டு

லூபெக் நகரத்தில், ஆற்றைப் பார்த்த ஒரு மாடி அறையில் தீட்மார் என்ற முதியவர் இருந்தார். வயது எண்பது. அவர் பிள்ளையாக இருந்தபோது ஜெர்மனி என்று ஒரு நாடே கிடையாது. சின்னதும் பெரிதுமாகப் பல அரசுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசன், ஒரு சுங்கச்சாவடி. ஒரே மொழி பேசுகிறவர்கள் ஒரே நாடாக வேண்டும், அதை மக்கள் மன்றம் ஆள வேண்டும் என்று அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அதற்காக ஓர் அரசன் அவரைக் கோட்டைச் சிறையில் போட்டுத் தலை நரைத்தபின் வெளியே விட்டான்.

பிறகு பீரங்கிகள் முழங்கி ஓய்ந்தன. பேரரசர் ஒருவரின் கீழே அந்த நாடு வந்தே விட்டது. தீட்மார் இளமையில் எழுதிய பாட்டைப் பள்ளிப் புத்தகத்தில் அச்சடித்தார்கள். வெற்றி விழாவன்று ஊரெல்லாம் கொடி ஏறியது. அவர் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், குளிர் என்றார். அது இன்னும் வெயில் காயும் செப்டம்பர் மாதம்.

அந்த வாரத்தில்தான் லூடோல்ஃப் அவரைத் தேடி வந்தார். அவர் தீட்மாரின் பழைய மாணவர். இப்போது அவரும் கிழவர்தான். அந்தப் பேரரசின் கிழக்கு ஓரத்தில், போலந்துக்காரர்கள் வாழும் போசன் மாகாணத்தில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியர். இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. தூக்கம் கெட்டது ரயிலால் மட்டுமல்ல என்று தீட்மாருக்குப் பார்த்ததும் தெரிந்தது.

"ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வந்தேன்."

"கேள்."

"உங்கள் பாட்டு யாருடையது?"

தீட்மார் நாற்காலியைக் காட்டினார். லூடோல்ஃப் உட்கார்ந்தார்.

"எங்கள் பள்ளியில் இனி எல்லாப் பாடமும் ஜெர்மனில்தான் என்று உத்தரவு வந்தது. நல்லதுதான் என்று நினைத்தேன். ஒரு நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு மொழி இருந்தால் நல்லதுதானே? ஆனால் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. விடை தெரிந்தும் சும்மா இருந்தார்கள்."

"என்ன செய்தாய்?"

"உங்கள் பாட்டை மனப்பாடம் பண்ணச் சொன்னேன். அதைப் படித்தால் மொழிப்பற்று தானாக வரும் என்று நம்பினேன். யாத்விகா என்று ஒரு சிறுமி. அப்பா ரயில்வே கேட் காவலர். வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவளை முன்னால் நிறுத்தி, சொல் என்றேன். சொல்லவில்லை."

"பிறகு?"

"பிரம்பை எடுத்தேன்."

தீட்மார் கண்களை மூடிக்கொண்டார்.

"மறுநாளும் நிறுத்தினேன். அன்றைக்குச் சொன்னாள், ஐயா. முதலிலிருந்து கடைசி வரைக்கும். ஒரு சொல் தடுக்கவில்லை." லூடோல்ஃபின் குரல் இறங்கியது. "போலிஷ் மொழியில் சொன்னாள்."

"யார் மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள்?"

"அவளேதான். 'என் தாய் தந்த நாவை எவனுக்குத் தருவேன்' என்ற அடி வந்ததும், மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. கூச்சல் இல்லை, ஒன்றும் இல்லை. சும்மா எழுந்து நின்றார்கள்."

"உனக்குப் புரிந்ததா?"

"புரிந்தது."

"புரியாமல் இருக்குமா? போலந்துக்காரர்கள் ரஷ்யச் சக்கரவர்த்தியிடம் தோற்று ஓடி வந்த வருடம், இந்த ஊர்ப் பெண்கள் அவர்கள் மேல் பூப்போட்டார்கள். நீ என் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். காலில் காயத்தோடு வந்தவனுக்கு உன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாய். அவனிடம்தான் அந்த மொழியைக் கற்றுக்கொண்டாய்."

"ஆமாம்."

"அவர்களுக்கும் நாடு வேண்டும், நமக்கும் வேண்டும் என்று மேசையைத் தட்டினாய்."

லூடோல்ஃப் தலையைக் குனிந்துகொண்டார். "அப்போது நமக்கும் இல்லை, ஐயா."

பிறகு தீட்மார் கேட்டார், "அவள் சொன்னதைச் சொல்."

லூடோல்ஃப் அதை மறக்கவில்லை. மறக்க எவ்வளவோ முயன்றிருந்தார். போலிஷில் மெதுவாகச் சொன்னார். ஒவ்வோர் அடிக்கும் பொருள் கேட்டுக்கொண்டே வந்தார் தீட்மார். ஓரிடத்தில் கையை உயர்த்தினார்.

"அங்கே என்ன சொன்னாள்?"

"'நாவின் மேல் பனி விழுந்தாலும்' என்று. நீங்கள் எழுதியது 'நாவுக்குப் பூட்டுப் போட்டாலும்'."

"பனி உருகிவிடும்," என்றார் தீட்மார். "அவள் சொன்னதுதான் நன்றாக இருக்கிறது. அவள் எங்கே இப்போது?"

லூடோல்ஃப் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார்.

"மேலிடத்துக்கு எழுதினேன். எழுதியாக வேண்டும் என்று விதி. அவள் அப்பாவை வேலையை விட்டு நீக்கினார்கள். குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார்கள். எங்கே என்று விசாரித்தேன். தெரிந்தவர்கள்கூட என்னிடம் சொல்ல மறுக்கிறார்கள்."

"வகுப்பு?"

"எல்லோரும் இப்போது ஜெர்மனில் ஒப்பிக்கிறார்கள். சுத்தமாக. ஆய்வாளர் வந்து பாராட்டிவிட்டுப் போனார். ஆனால் ஒரு பிள்ளைகூட என் முகத்தைப் பார்ப்பதில்லை, ஐயா."

தீட்மார் எழுந்து போய்ச் சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்தார். வெளியே கொடிகளை இன்னும் இறக்கியிருக்கவில்லை.

"நான் படிக்கும்போது இந்த ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது," என்றார். "எங்கள் பள்ளிக்கு பெரான் என்று ஓர் ஆசிரியரை அனுப்பினார்கள். நல்ல மனிதர். கோட்டுப் பையில் எங்களுக்காகச் சர்க்கரைக் கட்டி வைத்திருப்பார். எங்களைச் சிறுமைப்படுத்த வந்தவர் இல்லை. எங்களை உயர்த்த வந்ததாகவே நம்பினார். மனிதன் விடுதலையாகப் பிறந்தவன் என்று அவர்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பிரெஞ்சில் சொல்லிக் கொடுத்தார். பாடும்போது அவர் கண் கலங்கும்."

"நீங்களும் பாடினீர்களா?"

"பாடினோம். பாடப் பாடத்தான் இவர் ஏன் இங்கே இருக்கிறார் என்ற கேள்வி எங்களுக்கு வந்தது. அவர் தந்த மெட்டுக்குத்தான் நான் ஜெர்மனில் சொற்கள் போட்டேன். நீ கேட்டாயே, பாட்டு யாருடையது என்று."

லூடோல்ஃப் நிமிர்ந்து பார்த்தார்.

"பிரெஞ்சுப் படை ஊரைவிட்டுப் போனபோது அவர் போகவில்லை. பிள்ளைகள் தன்னை நேசிப்பதாக நினைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். நாங்கள் எழுந்து நின்று என் பாட்டைப் பாடினோம். முடியும்வரை கேட்டார். மெட்டை அடையாளம் கண்டுகொண்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. தொப்பியை எடுத்தார். பிழையில்லாமல் பாடினீர்கள் என்று ஜெர்மனில் சொன்னார். எங்கள் மொழியில் அவர் எங்களிடம் பேசியது அன்று ஒருநாள்தான். அப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை."

கீழே தெருவில் ஏதோ ஒரு பள்ளியின் பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். அவர்கள் பாடிக்கொண்டு போனது தீட்மாரின் பாட்டு. இருவரும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்கள்.

லூடோல்ஃப் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அப்படியானால் ஐயா, அந்தப் பள்ளியில் நான்தான் பெரானா?"

"இல்லை," என்றார் தீட்மார். "அவர் எங்களை அடித்ததில்லை."