பார்த்துத்தான் ஊதினேன்

மலைமேல் இருந்த அந்தச் சிறிய மடத்தில் வந்து சேர்ந்தபோது நாச்சிமுத்துவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. திருப்பூரில் நடத்திவந்த பனியன் கம்பெனியைத் தம்பியிடம் விட்டார். மீசையை விட்டார். கறியை விட்டார். கபடியை மட்டும் அவரால் விட முடியவில்லை.

பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு மலைவளைவில் இருக்கும் டீக்கடைக்கு இறங்குவார். அங்கே டி.வி. உண்டு. நொய்யல் காளைகள் அணி ஆடுகிற நாளில் பால் வந்துசேர நேரமாகும். மடத்தை நடத்திய அம்மா அவரைவிட வயதில் இளையவர். ஏன் தாமதம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இறுதி ஆட்டம் நடந்தது. கடைசி ரெய்டு. காளைகளின் ரெய்டர் எதிராளி ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். நான்கு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு நடுக்கோட்டைத் தொட்டது. நடுவர் ஞானசிகாமணி விசில் ஊதினார். விரல் கோட்டில் படுவதற்கு முன்பே ‘கபடி கபடி’ப் பாட்டு அறுந்துவிட்டது, பையன் மூச்சை விட்டுவிட்டான் என்றார். கோப்பை எதிரே ஆடிய கடலோர அணிக்குப் போனது.

அன்று நாச்சிமுத்து பால் வாங்காமலேயே மலையேறினார்.

அம்மா முற்றத்தில் உட்கார்ந்து மிளகில் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்கள்."

"அந்த நடுவன் காசு வாங்கிட்டுத்தானுங்களே ஊதியிருக்கான்?"

"நீங்கள் பார்த்தீர்களா?"

"டி.வி.யில பார்த்தனுங்க. பையன் மூச்சு விடவே இல்லை."

"டி.வி.யில் மூச்சு தெரியுமா?"

"எனக்குத் தெரியுங்க."

அம்மா ஒரு காம்பை எடுத்து ஓரமாகப் போட்டார். "அவர் உங்கள் பக்கம் ஊதியிருந்தால்?"

"அப்ப நாயமான ஆளுங்க."

யோசிக்காமல் வந்த பதில். அம்மா மிளகுத் தட்டில் பாதியை அவர் பக்கம் நகர்த்தினார்.

அதற்குப் பிறகு பனி இறங்கியது. அந்த மலையில் பனி வந்தால் முற்றத்தின் இந்த முனையில் நிற்பவருக்கு அந்த முனை தெரியாது. கதவைத் திறந்தால் உள்ளே வந்து பாயில் படுத்துக்கொள்ளும்.

அந்தப் பனிக்குள்ளிருந்துதான் அந்த மனிதர் வந்தார். காதை மூடிய கம்பளிக் குல்லா. கழுத்தில் மப்ளர். வெளியே தெரிந்தது கண்களும் மூக்கும் வாயும் மட்டும்.

"இவர் கொஞ்ச நாள் இங்கே இருப்பார்," என்றார் அம்மா. "சாப்பாடு நீங்கள் கொடுங்கள். எதுவும் கேட்க வேண்டாம்."

நாச்சிமுத்து கேட்கவில்லை. பார்த்தார்.

கஞ்சியை வைத்ததும் அந்த மனிதரின் வலது கை சாப்பாட்டுக்கு முன்னால் நெஞ்சுக்குப் போனது. அங்கே எதையோ தேடியது. பிறகுதான் கிண்ணத்துக்கு வந்தது. ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உதடுகள் குவியும். காற்று மட்டும் வெளியே வரும். சத்தம் வராது.

உச்சிப் பொழுதில் அவர் முற்றத்தின் விளிம்புக்குப் போவார். வெள்ளைப் பனியைப் பார்த்து நின்று ஒரு கையை உயர்த்துவார். விரல்களை மடக்கி மடக்கி விரிப்பார். ஒருநாள் நாச்சிமுத்து விறகு பொறுக்கிக்கொண்டு கீழிருந்து மேலே ஏறி வந்தார். பனிக்குள் அந்தக் கை மட்டும் தெரிந்தது. தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று தோன்றியது. அவருடைய கால்கள் தாமாக இரண்டு அடி நகர்ந்தன. மூன்றாவது அடிக்குத் தரை இல்லை. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று மதியம் அந்த மனிதர் கண்ணயர்ந்திருந்தபோது தண்ணீர் வைக்கப் போனார். தூக்கத்தில் அவர் பேசினார்.

"பார்த்துத்தான் ஊதினேன். கோடு தெரிஞ்சுது. சத்தியமா கோடு தெரிஞ்சுது."

நாச்சிமுத்து செம்பைக் கீழே வைத்தார்.

டீக்கடைக்கு ஓடினார். செங்கோட்டுவேலுக்கு போன் போட்டார். காளைகளின் ரசிகர் மன்றத்துக்கு அவன்தான் தலைவன். மன்றத்தில் நாச்சிமுத்து என்றால் அவனுக்குத் தனி மரியாதை.

"வேலு, அவன் இங்கதான் இருக்கான்."

"எவனுங்ணா?"

"ஞானசிகாமணி. நமக்குப் பயந்து, குல்லா போட்டு மூஞ்சியை மறைச்சுட்டு ஒளிஞ்சிருக்கான்."

"நிச்சயமாத் தெரியுமுங்களா?"

"அவன் வாயாலயே சொன்னானப்பா. எங்காதால கேட்டேன்."

மறுநாள் காலை வரை அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கஞ்சி கொண்டுபோனபோது பனிக்குள் ஒரு வேன் ஏறிவருகிற சத்தம் கேட்டது. மடத்து வாசலில் திரும்ப இடம் போதாது. வண்டியைப் பின்னால் எடுக்கிற உறுமல் கேட்டது.

அந்த மனிதர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினார். வாசலில் நின்று மடியிலிருந்து ஒரு விசிலை எடுத்து வாயில் வைத்தார். கை உயர்ந்தது. கன்னங்கள் உப்பின. ஊதவில்லை. ஊத முடியவில்லை. கண்களிலிருந்து நீர் கொட்டியது.

வேன் எதிலும் உரசாமல் நின்றது. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சுங்க?" என்றார் நாச்சிமுத்து. அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"நான் கண்டக்டருங்க. கடைசி ஸ்டாப்புல பஸ்ஸைத் திருப்பினோம். சனம் எல்லாம் இறங்கியாச்சு. நான் பின்னால நின்னு விசில் குடுத்தேன். பனி. ரோட்டோரத்து வெள்ளைக் கோடு தெரிஞ்சுது, பார்த்துத்தான் ஊதினேன். கோடு இருந்துச்சு. அதுக்குக் கீழ மண்ணு இல்லை. டிரைவர் அண்ணன் வண்டியோட போயிட்டார்."

நாச்சிமுத்து அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் அண்ணனுக்கும் கொஞ்ச நாளாப் பேச்சுவார்த்தை இல்லைங்க. அதனால வேணும்னேதான் ஊதினேன்னு ஊரே சொல்லுது. இல்லைன்னு சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போனேன்." அவர் விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப எனக்கே சந்தேகமா இருக்குங்க."

பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். முதலில் காலடிகள். பிறகு மஞ்சள் பனியன்கள். முகங்கள் கடைசியில். எல்லாம் தெரிந்த முகங்கள். நாச்சிமுத்து இவர்களோடு தோளில் கைபோட்டு ஆடியிருக்கிறார்.

"இவன்தானுங்களா?" என்றான் செங்கோட்டுவேல்.

"இல்லை வேலு. தப்பாச் சொல்லிட்டேன். இவர் பஸ் கண்டக்டர்."

செங்கோட்டுவேல் உட்கார்ந்திருந்தவரின் குல்லாவை மெல்ல இழுத்து எடுத்தான். வழுக்கைத் தலை. ஒட்டிய கன்னம். அது ஞானசிகாமணியின் முகம் இல்லை. நாச்சிமுத்து நிம்மதியாக மூச்சு விட்டார்.

"அவன்தான்," என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

"அவனேதான். மீசையை எடுத்திருக்கான்."

"இளைச்சுட்டான். ஆனா அவன்தான்."

"கையில பாரு, விசில்!"

"கண்ணு இருக்குதல்ல, பாருங்கடா!" என்று நாச்சிமுத்து கத்தினார். "அவன் உயரம் என்ன, இவர் உயரம் என்ன? நான் இத்தனை நாளா இவருக்குச் சோறு போடறேன். இவர் இல்லை."

செங்கோட்டுவேல் அவரையே பார்த்தான். அந்தப் பார்வையை நாச்சிமுத்து அறிவார். டீக்கடை டி.வி.யை அவரும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்.

"நேத்து சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னீங்களேண்ணா."

"நேத்து எனக்குத் தெரியாது."

"ராத்திரியோட ராத்திரியா எப்படித் தெரிஞ்சுது?" குரல் தணிந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "என்ன குடுத்தான்?"

"வேலு!"

"இல்லை, என்ன குடுத்தான்னு கேட்டேன்."

கண்டக்டரை இப்போது யாரும் பார்க்கவில்லை. வட்டம் நாச்சிமுத்துவைச் சுற்றி இறுகியது. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவராவது கண் தாழ்த்துவார் என்று நினைத்தார். யாரும் தாழ்த்தவில்லை. பனியிலிருந்து ஒரு கல் வந்தது. எறிந்த கை தெரியவில்லை. புருவத்துக்கு மேலே பட்டு ரத்தம் கண்ணில் இறங்கியது.

ரத்தத்தைக் கண்டதும் ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். செங்கோட்டுவேல் மட்டும் கொஞ்சம் நின்றான்.

"அந்த நடுவனை என்னிக்காவது மன்னிச்சிருவோமுங்ணா," என்றான். "அவன் வெளியாளு."

வேனின் சத்தம் கீழே இறங்கி அடங்கியது. நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தபோது அம்மா மடத்து வாசற்படியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். காயத்தைக் கழுவிக் காப்பித்தூளை வைத்து அழுத்தினார். மூலையில் கண்டக்டர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கதவு வழியே பனி வந்து மூவருக்கும் நடுவே நின்றது.

"நேத்து போன் போட்டது என் தப்புங்கம்மா," என்றார் நாச்சிமுத்து.

அம்மா துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டார்.

"ஆனா இன்னிக்கு நான் சொன்னது நிசமுங்க. யாருக்காகவும் சொல்லலை. கண்ணுல பட்டதைச் சொன்னேன். அவனுங்க நம்பாட்டிப் போறாங்க. என் மனசுல கள்ளம் இல்லைன்னு உங்களுக்காவது தெரியுமில்லைங்களா?"

அம்மா முடிச்சை இறுக்கினார்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "நானும் வெளியே நின்றுதானே பார்த்தேன்."