தாரகை சொன்னாளா, சொன்னதா?

இரண்டு பேருக்கு இரண்டு வாக்குக் கொடுத்துவிட்டு நடுவில் மாட்டிக்கொண்ட ஒருத்தியின் கதை இது. கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

'ஒன்பதாம் கலம்' என்ற விண்வெளித் தொடர் நான்கு வருடம் தொலைக்காட்சியில் ஓடியது. கேப்டனின் இடது கன்னத் தழும்பு மறுவாரம் வலது கன்னத்துக்குத் தாவாமல் பார்த்துக்கொள்வதுதான் பொற்கொடியின் வேலை. தொடரை ஒட்டி வரும் நாவல்களும் அவள் பார்த்த பிறகே அச்சுக்குப் போகும்.

கலத்தை ஓட்டும் எந்திரத்தின் பெயர் தாரகை. குரல் கொடுத்தவர் செல்லக்கனி. தாரகைக்கு உயிர் உண்டா என்பதைக் கடைசிவரை காட்டக் கூடாது என்பது இயக்குநர் திருமாறனின் கட்டளை. திரையில் அது சுலபம். "தாரகை, வழி சொல்லு" என்பான் கேப்டன். குரல் பதில் சொல்லும். நாவலாசிரியர் ஜெயசீலனுக்கோ முதல் பக்கத்திலேயே முட்டியது. தாரகை சொன்னாளா, சொன்னதா? பெண்குரல்தானே என்று 'சொன்னாள்' என்பதற்குப் பொற்கொடி தலையாட்டினாள். அச்சில் வந்ததைத் திரை பொய்யாக்காது என்று அவருக்கு வாக்கும் கொடுத்தாள். திரையை மீறி எந்தப் புத்தகமும் வராது என்று திருமாறனுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தாள். மூன்று நாவல்கள்வரை வம்பில்லை.

நான்காம் வருடம் செல்லக்கனிக்குத் தொண்டையில் புற்றுநோய். அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. பழைய ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டித் தொடரை முடித்தார்கள். கடைசிக் காட்சியில் கேப்டன், "அது வெறும் மெஷின்" என்று சொல்லித் தாரகையின் இயக்கத்தையே நிறுத்திவிடுகிறான். மறுநாளே செல்லக்கனியிடமிருந்து பொற்கொடிக்குச் செய்தி வந்தது: "புக்லயாவது என்னை அதுன்னு போட்டுடாதீங்க கண்ணு."

திருமாறனிடம் ஓடினாள். "கடைசி நாவல்ல 'சொன்னது'ன்னுதான் வரணும்மா. அவள்னு போட்டா கேப்டன் கொலைகாரன் ஆயிடுவான்" என்றார் அவர். அதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

ஜெயசீலன் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மறுத்தார். "மூணு புக்ல அவளா இருந்தவ நாலாவதுல எப்படி மேடம் அதுவா ஆவா? நீங்க கொடுத்த வாக்கு என்னாச்சு?" அட்டையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒப்பந்தப்படி அவர் எழுதியது தொடரைத் தயாரித்த நிறுவனத்துக்கே சொந்தம்.

அச்சகம் காத்திருந்தது. பொற்கொடிக்கு அழுகை அழுகையாக வந்தது. கடைசியில் ஒரு வழி கண்டாள். 'தாரகை சொன்னாள்' என்ற இடமெல்லாம் 'தாரகையின் குரல் சொன்னது' என்று மாற்றினாள். 'தாரகை போய்விட்டாள்' என்ற கடைசி வரியை 'தாரகையின் குரல் நின்றது' என்று ஆக்கினாள். தாரகையை அவள் என்றும் சொல்லவில்லை, அது என்றும் சொல்லவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தாள்.

உத்தரவிட்ட திருமாறன், பெயரைத் துறந்த ஜெயசீலன், வரியைத் திருத்திய பொற்கொடி: இந்த மூவரில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால் ஜெயசீலன்தான். திரையில் வாயை மூடிக்கொண்டு தப்பலாம். தமிழில் ஒரு வாக்கியத்தை முடிக்க அவளா அதுவா என்று சொல்லியே ஆக வேண்டும். அவர் சொன்னார், சொன்னதில் நின்றார். ஆனால் சரியாக இருந்து என்ன பிரயோசனம்? புத்தகம் பொற்கொடியின் வரியோடுதான் கடைக்கு வந்தது. அதைப் படித்துவிட்டுச் செல்லக்கனி ஒரே ஒரு செய்தி அனுப்பினார்: "குரல் நின்னா ஆளே முடிஞ்சுதா கண்ணு?"