ஒரே அளவுச் சீருடை

மேற்கு ஆப்பிரிக்கக் கரையில், வெள்ளைக்காரர் கோட்டையை ஒட்டி ஒரு துறைமுகம். அங்கே வந்திறங்கிய ஹார்வில் துரை என்ற டாக்டர், மூட்டை தூக்கும் ஆட்களையெல்லாம் நிற்கவைத்துத் தலைமுதல் கால்வரை அளந்தார். கூட்டி வகுத்து, "இந்தக் கரைக்காரன் உடம்பு இதுதான்" என்று முடிவுகட்டினார். தையற்காரி எஃபுவாவைக் கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் இந்த ஒரே அளவில் சீருடை தை. சேராதவன் இந்த ஊர்க்காரனே இல்லை. அவனுக்கு வேலையும் இல்லை."

எஃபுவாவின் புருஷன் கோபினா பனைமர உயரம். அவள் தம்பியோ குள்ளம். இருவருக்கும் மூட்டை தூக்கித்தான் சோறு. இந்த ஒரே அளவு இருவருக்குமே சேராது. அவள் அதை வெளியே காட்டிக்கொள்ளாமல், "ஆகட்டும் துரை. கவர்னர் விருந்துக்கு நீங்கள் கேட்ட கால்சட்டையையும் சேர்த்தே தைத்துவிடுகிறேன்" என்றாள்.

விருந்தன்று கால்சட்டையை மாட்டிய துரை, அது நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதைக் கொண்டுவந்த எஃபுவாவிடம் கத்தினார். "யார் அளவுக்கு இதைத் தைத்தாய்?"

"கோட்டைத் துரைமார் எல்லாரையும் அளந்து, உங்களைப்போலவே கூட்டி வகுத்தேன். வெள்ளைக்காரர் உடம்பு இதுதான். உங்களுக்குச் சேரவில்லையே, நீங்கள் எந்த ஊர், துரை?"

வாசலில் கவர்னரின் வண்டி வந்து நின்றது.

"அளவெடு, சீக்கிரம்!"

எஃபுவா அளவு நாடாவைக் கையிலேயே வைத்திருந்தாள். "ஆளுக்கு ஆள் தனித்தனியாகவா, துரை?"

"தனித்தனியாகத்தான்."

"எல்லாருக்குமா?"

கால்சட்டை இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"எல்லாருக்கும்தான்!"