ஆடு கொடுக்காத ஊர்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் தங்கநாச்சி அக்கா. புள்ளிவிவர ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் சின்ன மகன் அவன் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த ஒரு மார்கழியில், கோவிலில் பூ கட்டிக்கொண்டே சொன்னார்.

ஒரு ஏழை நாடு. அதன் அமைச்சருக்கு ஓர் ஆசை. இல்லாதப்பட்ட வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு சினை ஆடு கொடுத்தால் பஞ்சம் தீருமா? குடிலில் சீடர்களோடு இருந்த ஓர் ஆசானிடம் வந்து கேட்டார்.

"தெரியாது. பார்த்துத்தான் சொல்ல வேண்டும்" என்றார் ஆசான்.

"பார்க்க என்ன இருக்கிறது? ஆடு கொடுத்தால் ஊர் தேறாதா?"

"மழை பெய்தாலும் ஊர் தேறும். எது தேற்றியது என்று எப்படிச் சொல்வீர்கள்?"

"சரி, பார்த்தே சொல்லுங்கள்" என்றார் அமைச்சர்.

ஆசான் ஒரே மாதிரியான ஊர்களை ஜோடி ஜோடியாக எடுத்தார். சீட்டுக் குலுக்கினார். ஜோடியில் ஓர் ஊருக்கு ஆடு. மற்றதற்கு இப்போது இல்லை. இரண்டு ஊரிலும் ஒரே கேள்விகள்: அடுப்பு எரிந்ததா, பிள்ளை சாப்பிட்டதா, கடன் வாங்கினீர்களா. ஊருக்குப் போய்க் கேட்க வேண்டியவர்கள் இரண்டு சீடர்கள். அவர்களுக்கும் சீட்டுத்தான். திருவாழிக்கு ஆட்டு ஊர்கள் விழுந்தன. ஆவுடையப்பனுக்கு ஆடு இல்லாத ஊர்கள்.

"ஐயா, கொடுக்காத ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்றான் ஆவுடையப்பன்.

"கொடுக்காததுதான்."

அவனுக்கு அது பதிலாகவே படவில்லை.

திருவாழி போன இடமெல்லாம் கட்டில் போட்டார்கள். மோர் கொடுத்தார்கள். பிறந்த குட்டிக்கு அவன் பெயரையே வைத்தார்கள். ஆவுடையப்பன் போன ஊரில் மாடத்தி என்றொருத்தி வாசல் கூட்டிக்கொண்டே சொன்னாள்: "வந்துட்டாருய்யா வெறுங்கை வாத்தியாரு. இன்னைக்காவது ஆடு வருதா, இல்ல கேள்வி மட்டும்தானா?"

"கேள்விதாம்மா."

"கேள்வியக் கரைச்சுக் குடிச்சா வயிறு நிறையுமாய்யா?"

திரும்பி வந்தால் குடிலில் ஆசானும் திருவாழியும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

"ஏலே ஆவுடை, பால் குடி. எங்க ஊர்ப் பாலு" என்றான் திருவாழி.

"உங்க ஊரா? அரசாங்கத்து ஆடு."

"அரசாங்கமா கறந்துச்சு?"

ஆசானும் சேர்ந்து சிரித்தார். ஆவுடையப்பனுக்கு வயிறு எரிந்தது. சீட்டு இப்படி விழாமல் அப்படி விழுந்திருந்தால் அந்தச் சிரிப்பு தன்னுடையது அல்லவா? டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான். தூக்கம் வரவில்லை.

அடுத்த முறை போகும்போது தன் தாயார் நிலத்துத் தட்டப்பயறு விதையை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போனான். தன் ஊர்களில் வீடு வீடாகக் கொடுத்தான். விதைக்கக் கூடவே நின்றான். இரக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆசானிடம் சொல்லவில்லை.

மழையும் நன்றாகப் பெய்தது. பயறு காய்த்தது. மாடத்தி கட்டில் போட்டாள். சுண்டல் கொடுத்தாள்.

"வாத்தியாரய்யா, அடுத்த தடவை மலைக்கு அந்தப் பக்கமும் ஆடு வருமாமே? என் தங்கச்சியை அங்கதான் குடுத்திருக்கு. மூணும் சின்னஞ்சிறுசு. ஒருவேளைக் கஞ்சிதான்."

"வரும் வரும்" என்றான், சுண்டலை மென்றுகொண்டே.

கணக்குப் பார்க்கும் நாள் வந்தது. அமைச்சரும் வந்தார். ஆட்டு ஊர்கள் தேறியிருந்தன. ஆடு இல்லாத ஊர்களும் அதே அளவுக்குத் தேறியிருந்தன.

"அப்படியானால் ஆட்டால் ஒன்றுமில்லை. எல்லாம் மழை செய்த வேலை" என்றார் அமைச்சர். "நல்லவேளை, நாடு முழுக்கக் கொடுக்க இருந்தேன். திட்டத்தை நிறுத்திவிடுகிறேன்."

திருவாழியின் முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்க்க ஆவுடையப்பனுக்கு இனித்தது. எத்தனை நாள் ஏங்கிய இனிப்பு! அது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்துக் கஞ்சி நினைவுக்கு வந்து குறுக்கே நின்றது.

அமைச்சர் வண்டி ஏறப் போனார். அவன் ஆசானிடம் ஓடினான்.

"ஐயா, என் ஊர்கள் வெறும் ஊர்கள் இல்லை. நான் பயறு கொடுத்தேன்."

"ஏன் கொடுத்தாய்?"

"பசித்திருந்தார்கள். இரக்கம்."

"திருவாழியின் ஊர்களில் யாரும் பசித்திருக்கவில்லையா?"

அவன் தலை குனிந்தான். "பொறாமை ஐயா" என்றான்.

"அமைச்சரிடம் நீயே போய்ச் சொல்."

சொன்னான். அமைச்சர் கோபப்பட்டார். பிறகு தணிந்தார். திட்டத்தை நிறுத்தவில்லை. ஆனால் வேறு ஊர்களை எடுத்து முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதுவரை மலைக்கு அந்தப் பக்கம் ஆடு போகாது.

குடிலுக்குத் திரும்பியதும் ஆவுடையப்பன் உடைந்துபோய்க் கேட்டான்: "அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்களே ஐயா. என்னிடம் ஒருநாளாவது சிரித்துப் பேசினீர்களா?"

"அவன் கொண்டுவந்த பாலைப் பார்த்துச் சிரித்தேன்" என்றார் ஆசான். "ஊரைத் தேற்றியது ஆடா மழையா என்று உன்னைக் கேட்டால்தானே எனக்குத் தெரியும்?"

ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்படியானால் இந்த முறை சீட்டு வேண்டாம். ஆடு கொடுக்காத ஊர்களை எனக்கே கொடுங்கள். ஒரு விதைகூடக் கொண்டுபோக மாட்டேன்."

ஆசான் சீட்டுகளைக் குலுக்கி அவன் முன் நீட்டினார்.

"விரும்பிக் கேட்டால் அதுவும் கிடையாது. எடு."

ஆவுடையப்பன் ஒன்றை எடுத்தான். பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

கதையை இதோடு நிறுத்திவிட்டு அக்கா மீதிப் பூவைக் கட்டினார். கேட்டவர்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். இன்று விளக்கேற்றும்போது, மாடத்தியின் தங்கச்சி பிள்ளைகளுக்காகவும் ஒரு திரி போடுங்கள்.